வ்ரொட்ஸ்வாஃபில் தட்சிணாமூர்த்தியைக் காணோம்

"நீ போயிருக்கியாம்மா அந்த ஊருக்கு?" என்று தட்சிணாமூர்த்தி கேட்டபோது, ரேணுகா விமான டிக்கெட்டை மடித்துக் கவரில் போட்டுக்கொண்டிருந்தாள். கை வேலையாக இருந்ததால் வாய் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டது.

"போயிருக்கேன் சார்."

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ரேணுகாவின் டிராவல்ஸ். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், வந்தவர்கள் உட்கார ஒரு சோபா. காசிக்கும் ஷீரடிக்கும் அவளே கூட்டம் சேர்த்து ரயிலில் அழைத்துப்போய் வந்திருக்கிறாள். விமானத்துக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறாளே தவிர, ஏறிப் பார்த்ததில்லை.

தட்சிணாமூர்த்தி ஆவடி பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுபெற்று முத்தாபுதுப்பேட்டையில் வீடு கட்டிக் குடியேறியவர். டாங்கியின் எஞ்சினைப் பிரித்துப் போட்டாலும் கலங்காத மனிதர். ஆனால் வெளிநாடு என்றதும் ஊசி போட்டுக்கொள்ள வந்த குழந்தையைப் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். போலந்தில் ஒரு குளிர்சாதனப்பெட்டித் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருக்கும் மகன் அஸ்வின், மே மாதம் அம்மாவும் அப்பாவும் வந்து ஒரு மாதம் இருக்கவேண்டும் என்று பிடிவாதமாகக் கூப்பிட்டிருந்தான். ரேணுகாவின் பதிலைக் கேட்டதும் தட்சிணாமூர்த்தியின் முகம் தெளிந்ததைப் பார்த்தபிறகு, சொன்னதைத் திரும்பப் பெற அவளுக்கு மனம் வரவில்லை.

"ரோக்லா அருமையான ஊர் சார். ஒண்ணும் பயப்பட வேணாம்" என்று ஒரு வாக்கியம் கூடவே சேர்ந்துகொண்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஜெகதாம்பாள் நிமிர்ந்து ரேணுகாவை ஒருமுறை பார்த்தார்.

அன்றிலிருந்து தட்சிணாமூர்த்திக்குச் சந்தேகம் வந்தபோதெல்லாம் ஆவடியிலிருந்து பஸ் ஏறி அம்பத்தூருக்கு வந்தார். ரேணுகாவுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. மத்தியானம் ஆள் வராத நேரத்தில், அந்த ஊரைச் சுற்றியவர்கள் எடுத்துப் போட்ட வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்ததைச் சாயங்காலம் தட்சிணாமூர்த்தியிடம் தான் அனுபவித்ததைப் போலச் சொன்னாள்.

"டிராம்ல டிக்கெட் பேப்பர் வராது சார். பேங்க் கார்டை மெஷின்ல காட்டினா போதும், கார்டுதான் டிக்கெட். செக்கிங் வந்தா அதே கார்டைக் காட்டணும். கதவு தானா திறக்கும்னு நிக்காதீங்க, பட்டன் இருக்கும், அதை அழுத்தணும். கடைல காசு குடுக்கறப்போ தேங்க்ஸ்னு அவங்க பாஷைல சொல்லிடாதீங்க. மிச்சத்தை நீயே வெச்சுக்கோன்னு அர்த்தமாயிடும். சில்லறையைக் கையில வாங்கின பிறகு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை பெரிய கடை எல்லாம் மூடியிருக்கும், பால் தயிர் முந்தின நாளே வாங்கிடணும்."

"ரோடு?"

"பச்சை மனுஷன் எரிஞ்சாத்தான் தாண்டணும். வண்டியே இல்லைன்னாலும் நிக்கணும். இல்லைன்னா ஃபைன்."

இதைத் தட்சிணாமூர்த்தி அக்கறையாகப் பயிற்சி செய்தார். அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில், எல்லோரும் கையைக் காட்டிக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே புகுந்து போய்க்கொண்டிருக்க, இவர் மட்டும் ஓரத்தில் நிமிர்ந்து நின்றார். பச்சை மனிதன் விளக்கே அங்கே இல்லாததால், மூன்று முறை சிக்னல் மாறியும் நகராமல் நின்றவரைப் பார்த்து ஒரு ஷேர் ஆட்டோக்காரர் வண்டியை மெதுவாக்கினார்.

"இன்னா நைனா, கிராஸ் பண்ணப் போறியா, இல்ல எதுனா வேண்டுதலா?"

"போலந்து போறேன்பா" என்றார் தட்சிணாமூர்த்தி.

"அது இந்த ரூட்டுல இல்ல நைனா. கோயம்பேடுல கேட்டுப் பாரு."

புறப்படுவதற்கு முந்தின வாரம் அவர் தயங்கித் தயங்கிக் கடைசிச் சந்தேகத்தைக் கேட்டார். அங்கே கழிப்பறைக் கதவில் ஆண், பெண் என்று எழுதியிருக்காதாம், ஒன்றில் முக்கோணமும் இன்னொன்றில் வட்டமும் போட்டிருக்குமாம், அஸ்வின் பேச்சுவாக்கில் சொன்னானாம். எது யாருக்கு என்று மகனிடம் கேட்க மறந்துவிட்டார்.

ரேணுகாவும் அதை ஒரு வீடியோவில் பார்த்த ஞாபகம். எது எதற்கு என்பதுதான் நினைவில் இல்லை. தேடிப் பார்க்கலாம் என்றால் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். போய்வந்தவள் போனை நோண்டினால் நன்றாகவா இருக்கும். ஒரு நொடி யோசித்தாள்.

"முக்கோணம் பாவாடை மாதிரி இருக்குல்ல சார், அது லேடீஸ். வட்டம் ஜென்ட்ஸ்."

"கரெக்டா ஞாபகம் வெச்சிருக்கியேம்மா" என்று அவர் பாராட்டிவிட்டுப் போனார்.

அவர்கள் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆயிற்று. அம்பத்தூரில் கத்திரி வெயில். அன்று மத்தியானம் பூந்தமல்லியிலிருந்து நூர் முகமது வந்திருந்தார். அங்கே மரச்சாமான் கடை வைத்திருப்பவர். குடும்பத்தோடு அஜ்மீர் போக டிக்கெட் விசாரிக்க ஸ்கூட்டரில் வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். அப்போது ரேணுகாவின் போனில் வீடியோ அழைப்பு வந்தது. ஜெகதாம்பாள்.

திரையில் முதலில் வானம் தெரிந்தது, பிறகு ஒரு கம்பம், பிறகு ஸ்வெட்டரும் ஸ்கார்ஃபுமாக ஜெகதாம்பாளின் முகம்.

"ரேணுகா, இவரைக் காணோம்."

"எவரைம்மா?"

"இவரைத்தாம்மா. டிராம் இவரைத் தூக்கிட்டுப் போயிடுச்சு."

நூர் முகமது சோபாவின் நுனிக்கு வந்தார்.

ஜெகதாம்பாள் நடந்ததைச் சொன்னார். அஸ்வின் காலையில் அவர்களை டிராம் ஏற்றிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான். ரினெக் என்கிற பழைய சந்தைச் சதுக்கத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருங்கள், சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்பது ஏற்பாடு. இறங்கவேண்டிய இடம் வந்ததும் ஜெகதாம்பாள் முன்கதவில் பட்டனை அழுத்தி இறங்கிவிட்டார். கூட்டத்தில் பின்கதவுக்குப் போன தட்சிணாமூர்த்தி அதன் எதிரே விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். கதவு திறக்கும் என்று காத்திருந்தார். டிராம் கிளம்பிவிட்டது.

"கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்னு எனக்கு டாட்டா காட்டிட்டே போறாரும்மா."

"பட்டனை அழுத்தணும்னு நான் சொன்னேனே."

"சொன்னே. எனக்கு ஞாபகம் இருந்துச்சு. அவருக்கு இல்லை."

தட்சிணாமூர்த்தியின் போன் வீட்டில் சார்ஜரில் இருந்தது. அஸ்வினின் தொழிற்சாலையில் உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், இடைவேளை வந்தால்தான் எடுப்பான். ஜெகதாம்பாள் அடுத்த டிராமில் ஏறி அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருக்கிறார். அங்கேயும் கணவர் இல்லை.

"ஒருத்தர் தவறிட்டா அடுத்த ஸ்டாப்ல பார்த்துக்கலாம்னு நீதானேம்மா சொல்லியிருந்தே?"

ரேணுகா சொல்லியிருந்தாள். யார் நிற்கவேண்டும், யார் போகவேண்டும் என்று சொல்லவில்லை.

"நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றார் நூர் முகமது. "நீங்க அவரத் தேடிகினு முன்னால போனீங்க. அவரு உங்களத் தேடிகினு பின்னால போயிருப்பாரு. திருவிழாவுல இதான் நடக்கும்."

"இது யாரும்மா?" என்றார் ஜெகதாம்பாள்.

"டிக்கெட் போட வந்தவரும்மா. பூந்தமல்லி பாய்."

"சலாம்மா" என்று நூர் முகமது திரையை நோக்கிக் கையை உயர்த்தினார். "பயப்படாதீங்க. திரும்பி அதே எடத்துக்குப் போங்க. போனை மட்டும் கட் பண்ணாதீங்க."

ஜெகதாம்பாள் சாலையைத் தாண்டி எதிர்த்திசை டிராமுக்குப் போகவேண்டியிருந்தது. பச்சை மனிதன் எரியும்வரை நின்றார். சாலையில் ஒரு வண்டியும் இல்லை. அம்பத்தூரில் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தார்கள்.

"ஒரு ஈ காக்கா கூட இல்லியே. போயிடலாமே" என்றார் நூர் முகமது.

"ஃபைன் பாய்."

"ஓகோ. அப்ப நிக்கட்டும்."

பழைய நிறுத்தத்திலும் தட்சிணாமூர்த்தி இல்லை. "ரேணுகா, நல்லாப் பார்த்துச் சொல்லு. இங்கேர்ந்து எந்தப் பக்கம் போயிருப்பாரு? உனக்குத் தெரிஞ்ச ஊருதானே" என்று ஜெகதாம்பாள் போனைச் சுற்றிலும் காட்டினார்.

உயரமான கட்டடங்கள், தண்டவாளம், சைக்கிளில் போகிற ஒரு பெண், ஒரு பூக்கடை. ரேணுகாவுக்கு எதுவும் தெரியவில்லை. எந்த வீடியோவிலும் அவள் இந்த மூலையைப் பார்த்ததில்லை. இந்த அம்மா தன்னை நம்பி அங்கே நிற்கிறார்.

"அம்மா, அந்தப் பூக்கடைக்குப் போங்க" என்றாள், வேறு எதுவும் தோன்றாமல். "ஒரே எடத்துல உக்காந்து வேலை செய்யறவங்க எல்லாரையும் பார்த்துகினுதான் இருப்பாங்க."

பூக்கடையில் சிவந்த கன்னத்துடன் பருமனான ஓர் அம்மாள், துலிப் பூக்களைக் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது. பூ வாங்க நின்றிருந்த ஒரு கல்லூரி மாணவிக்குத் தெரிந்திருந்தது. ஜெகதாம்பாள் போனை அவள் கையில் கொடுத்தார். ரேணுகா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அடையாளம் சொன்னாள். வயதானவர், ஒல்லி, இந்தியர், அரக்கு நிறத்தில் குரங்குக் குல்லா போட்டிருப்பார்.

"மே மாசத்துலயா?" என்று கேட்டாள் மாணவி.

"அவருக்கு அது குளிர்காலம்."

மாணவி திரும்பிப் பூக்கார அம்மாளிடம் அவர்கள் மொழியில் கேட்டாள். அந்த அம்மாள் பூவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நோ. நோ, நோ, நோ."

ரேணுகாவின் தோள் தொங்கிப்போயிற்று. "பார்க்கலியாம் பாய்" என்றாள்.

நூர் முகமது திரைக்கு இன்னும் கிட்டே வந்தார். "இல்லியே. அந்தம்மா தலைய மேலயும் கீழயும் ஆட்டிகினே நோங்குது பாரு. வாய் ஒண்ணு சொல்லுது, தலை ஒண்ணு சொல்லுது. எத நம்பறது?"

மாணவி சிரித்துக்கொண்டே விளக்கினாள். அவர்கள் பேச்சில் நோ என்றால் ஆமாம் என்று அர்த்தம். பூக்கார அம்மாள் அவரைப் பார்த்திருக்கிறார். எதிர்த்திசையில் திரும்பி வந்த டிராமிலிருந்து இறங்கினாராம். இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாராம். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மிகவும் அவசரமாக, அந்த முனையிலிருக்கும் உணவகத்துக்குள் போனாராம்.

"வயித்தப் புடிச்சிகினா?" என்று ரேணுகா கேட்டாள். அடுத்த கணம் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அம்மா, சீக்கிரம் போங்க."

ஜெகதாம்பாள் வேகமாக நடந்தார். திரையில் நடைபாதைக் கற்கள் குலுங்கிக் குலுங்கிப் போயின. உணவகத்தின் உள்ளே கடைசியில் ஒரு குறுகலான வழி. அதன் முடிவில் இரண்டு கதவுகள், ஒன்றில் வட்டம், ஒன்றில் தலைகீழ் முக்கோணம். இரண்டுக்கும் நடுவே, சுவரோடு சுவராக, குரங்குக் குல்லாவைக் கையில் பிடித்துக்கொண்டு கால்மாற்றிக் கால்மாற்றி நின்றுகொண்டிருந்தார் தட்சிணாமூர்த்தி.

"ஏங்க, இங்க என்ன பண்றீங்க?"

"ஜெகதா" என்றார் அவர், அழுதுவிடுபவர் போல. "இந்த ஊர்ல ஆம்பளைங்களுக்கு பாத்ரூமே கட்டலை."

"என்னது?"

"வட்டம் ஜென்ட்ஸ்னு ரேணுகா சொல்லிச்சுல்ல? திறந்தேன். உள்ள மூணு பொம்பளைங்க கண்ணாடி முன்னாடி நிக்கறாங்க. ஒரு அம்மா கையைப் புடிச்சு மரியாதையா வெளிய கொண்டுவந்து விட்டுச்சு. முக்கோணம் லேடீஸ்னு ஏற்கெனவே சொல்லியிருக்கு. அப்ப நான் எங்கதான் போறது? யாராவது ஆம்பளை வந்தா எதுல போறான்னு பார்த்துட்டுப் போகலாம்னு நிக்கறேன். ஒருத்தன் வரலை."

ரேணுகாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"சார், முக்கோணத்துல போங்க சார். நான் தப்பா சொல்லிட்டேன்."

"நிச்சயமாவாம்மா?"

"சத்தியமா சார். போங்க."

தட்சிணாமூர்த்தி முக்கோணத்தைத் தள்ளிக்கொண்டு மறைந்தார். ஜெகதாம்பாள் சுவரில் சாய்ந்து, ஸ்கார்ஃப் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள்கள் குலுங்கச் சிரித்தார். நூர் முகமது சோபாவில் மல்லாந்துவிட்டார். ரேணுகா மட்டும் சிரிக்கவில்லை.

தட்சிணாமூர்த்தி வெளியே வந்ததும் நேராக மனைவியின் கையிலிருந்த போனை வாங்கினார். முகத்தில் அமைதி திரும்பியிருந்தது.

"போயிட்டு வந்த உனக்கே இது மறந்துபோச்சாம்மா?"

"நான் போனதில்ல சார்" என்றாள் ரேணுகா. சொல்லிவிட்டால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. "அங்க மட்டும் இல்ல. நான் பிளேன்லயே ஏறினதில்ல. நீங்க பயந்துகினு உக்காந்திருந்தீங்க. வாய்ல வந்துடுச்சு. அப்புறம் எல்லாம் வீடியோ பார்த்துத்தான் சொன்னேன். முக்கோணம் மட்டும் நானா அடிச்சு விட்டது. மன்னிச்சுடுங்க சார்."

அவர் பதில் சொல்வதற்குள் ஜெகதாம்பாள் முகம் திரைக்குள் வந்தது.

"அது எனக்கு அன்னிக்கே தெரியுமே."

"எப்படிம்மா?"

"ரோக்லான்னியே. என் பையன் ரெண்டு வருஷமா வ்ரொட்ஸ்வாஃப், வ்ரொட்ஸ்வாஃப்னு எனக்குச் சொல்லிக் குடுத்துட்டிருக்கான். ஊருக்குப் போனவ ஊர் பேரை டிக்கெட்ல இருக்கற இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டியா படிப்பா?"

"தெரிஞ்சுமா நீ சும்மா இருந்தே?" என்றார் தட்சிணாமூர்த்தி.

"அவ போயிருக்கான்னு நினைச்சதாலதான் நீங்க கிளம்பினீங்க. இல்லைன்னா ஆவடியைத் தாண்டியிருப்பீங்களா? அஸ்வினைப் பார்த்து ரெண்டு வருஷமாச்சு எனக்கு." பிறகு ரேணுகாவிடம், "நீ சொன்னதுல ஒண்ணுதான் தப்பு. கார்டு, கடை, ரோடு எல்லாம் நீ சொன்னபடிதான் இருக்கு. உனக்கு இந்த ஊர் தெரியாதுன்னு தெரிஞ்சுதான் இன்னிக்கும் கூப்பிட்டேன். தனியா நிக்கறப்போ யாராவது கூடப் பேசிட்டிருந்தாப் போதும்னு இருந்துச்சு" என்றார்.

ரேணுகா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

தட்சிணாமூர்த்தி தொண்டையைக் கனைத்தார். "எனக்குக் கோபந்தான். இருபது நிமிஷம் நின்னவன் நான். ஆனா ஒரு விஷயம். அந்த ஸ்டாப்ல உன்னைக் காணோம்னதும் ஜெகதா, எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. அப்புறம், நீ எப்படியும் ரேணுகாவுக்குப் போன் பண்ணுவேன்னு நினைச்சேன். நினைச்சதும் தைரியம் வந்துடுச்சு." அத்துடன் அந்தப் பேச்சை முடித்துக்கொண்டார். "பசிக்குது. இங்கயே ஏதாவது சாப்பிடலாம்."

அதற்கும் ரேணுகாவைத்தான் கேட்டார்கள். இந்த முறை அவள் வெளிப்படையாகக் கம்ப்யூட்டரைத் தட்டித் தேடிச் சொன்னாள். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து அவித்த கொழுக்கட்டை, பெயர் பியெரோகி ருஸ்கியே, மேலே பன்றிக்கொழுப்பு வறுத்துப் போடுவார்கள், அது வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தட்டு வந்ததும் தட்சிணாமூர்த்தி ஒன்றைக் கரண்டியில் எடுத்துத் திரையில் காட்டினார். "சோமாசியை எண்ணெயில போடாம தண்ணில போட்டுட்டாங்க" என்றார். ஆனால் எல்லாவற்றையும் சாப்பிட்டார். பணம் கொடுக்கும்போது வாயை இறுக மூடிக்கொண்டு, சில்லறை கைக்கு வந்தபிறகுதான் நன்றி சொன்னார்.

அவர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் நூர் முகமதுவுக்குத் தன் வேலை ஞாபகம் வந்தது.

"ஏம்மா, அஜ்மீருக்கு ஜெய்ப்பூர்ல எறங்கிப் போறது நல்லதுன்னு சொன்னியே. அங்க நீ போயிருக்கேல்ல?"

ரேணுகா மேசையைப் பார்த்தாள். "அங்கயும் போனதில்ல பாய். உங்களுக்கு முன்னால போன ரெண்டு குடும்பம் சொன்னதத்தான் சொன்னேன்."

"அவங்க பத்திரமா திரும்பி வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க."

"அப்ப போடு டிக்கெட்ட" என்றார் அவர். "ஆனா நாங்க போயிகினு இருக்கும்போது போன் அடிச்சா எடுக்கணும். அதான் கண்டிசன்."

போனை வைத்துவிடலாம் என்று ரேணுகா நினைத்தபோது ஜெகதாம்பாள் வேண்டாம் என்றார். சார்ஜ் இருக்கிறது, சாயங்காலம்வரை இவர்களுக்கும் வேறு வேலை இல்லை. "வா, நடக்கலாம்" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கடைத்தெருவுக்குக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார்.

தெரு திரும்பியதும் சதுக்கம் விரிந்தது. மஞ்சள், பச்சை, ரோஜா நிறங்களில் ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள், நடுவே பெரிய கோபுரக் கடிகாரத்துடன் பழைய நகர மன்றம், கல் பாவிய தரையில் வெயிலுக்காக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஜனங்கள். வீடியோவில் ரேணுகா இதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். ஆனால் அதில் யாரோ வேகவேகமாகப் பேசிக்கொண்டே போவார்கள். இப்போது ஜெகதாம்பாளின் மூச்சும் செருப்புச் சத்தமும் கேட்டன. தட்சிணாமூர்த்தி ஒரு சுவரோரம் குனிந்து, முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு வெண்கலக் குள்ளனைக் கண்டுபிடித்தார். தோளில் மூட்டையோடு எங்கோ கிளம்பிக்கொண்டிருந்தான் அவன். ஊர் முழுக்க இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள் என்று ரேணுகாதான் சொல்லியிருந்தாள்.

"ஒண்ணு பிடிச்சுட்டேன்" என்றார் அவர். அடுத்ததைத் தேடிப் போனார்.

"அம்மா, போனைக் கொஞ்சம் எறக்கிப் புடிங்க. எனக்கு அந்தக் குள்ளன் மூஞ்சி தெரியல" என்றார் நூர் முகமது. கீழே மருந்துக் கடைக்கு டீ கொண்டுவந்த கடைக்காரரை மாடிப்படியிலிருந்து கூப்பிட்டு, இரண்டு டீ வாங்கி, ஒன்றை ரேணுகாவின் பக்கம் தள்ளிவைத்தார்.

சதுக்கத்தின் மூலையில் இரண்டு சிறிய தெருக்கள் பிரிந்தன. ஒன்றில் கடைகளும் கூட்டமும். இன்னொன்று குறுகி, வளைந்து, ஒரு மஞ்சள் சுவருக்குப் பின்னால் போய் மறைந்தது. ஜெகதாம்பாள் நின்றார்.

"எந்தப் பக்கம் போகட்டும்?"

எது எங்கே போகிறது என்று ரேணுகாவுக்குத் தெரியாது. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"அந்தச் சின்னத் தெருவுல போங்கம்மா" என்றாள். "மெதுவா போங்க."